தலைப்பிலிருந்து கேள்விக்கு: எமது பிள்ளைகள் ஆய்வு செய்யப் பழகுவது எப்படி?

ஒவ்வொரு வருடமும் இறுதியாண்டு மாணவர்கள் ஆய்வுத் தலைப்புகளை எழுதித் தரும் கிழமையில் என் மேசைக்கு வரும் தாள்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். “போரினால் பாதிக்கப்பட்ட பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் எதிர்நோக்கும் சமூக, பொருளாதாரப் பிரச்சினைகள்”, “மீள்குடியேற்றத்தின் பின்னர் மீனவர்களின் வாழ்வாதாரச் சவால்கள்”, “இளைஞர்கள் மத்தியில் போதைப்பொருள் பாவனையின் தாக்கம்”. ஊரின் பெயர் மட்டும் மாறும். ஒரு வருடம் புதுக்குடியிருப்பு, அடுத்த வருடம் கரைச்சி, அதற்கடுத்த வருடம் வாகரை. கடைசிச் சொல் எப்போதும் பிரச்சினைகள், சவால்கள், தாக்கம் ஆகிய மூன்றில் ஒன்றாகவே இருக்கும்.

வடக்கிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் சமூக விஞ்ஞானம் கற்பிக்கிறேன். இளமாணிப் பட்டத்தின் கடைசி வருடத்தில் மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வை முன்மொழிந்து, அதை ஒரு குழுவின் முன்னால் விளக்கி, அனுமதி பெற்ற பின்னர் களத்துக்குச் சென்று ஆய்வேடு எழுதவேண்டும். இதைக் கற்பிப்பது எங்கள் வேலையின் மிகக் கடினமான பகுதி. இதைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே எழுதுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இந்த ஆய்வுகளைச் செய்பவர்கள் உங்கள் பிள்ளைகள். அவர்கள் வினாக்கொத்துடன் வந்து தட்டுவதும் உங்கள் கதவுகளைத்தான்.

தலைப்பு வேறு, கேள்வி வேறு

மேலே சொன்ன தலைப்புகளில் பிழை எதுவும் இல்லை. அவை பேசும் துன்பம் உண்மையானது. ஆனால், அவற்றின் விடை ஆய்வு தொடங்குவதற்கு முன்னரே தெரிந்துவிடுகிறது. கணவனை இழந்த, அல்லது கணவன் காணாமல் ஆக்கப்பட்ட ஒரு தாய்க்கு வருமானம் போதாது, பிள்ளைகளின் படிப்பு குழம்புகிறது, ஊரார் கதைக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டில் வளர்ந்த மாணவிக்கு அது எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். பிறகு எதற்காக அவர் அறுபது வீடுகளுக்கு நடந்து, “உங்களுக்குப் பொருளாதாரப் பிரச்சினை உண்டா? ஆம் / இல்லை” என்று கேட்கவேண்டும்? 87 வீதமானோர் “ஆம்” என்றனர் என்று ஒரு வட்ட வரைபடம் கீறுவதால் யாருக்கும் புதிதாக எதுவும் தெரியவராது.

ஆகவே முதல் வேலை, தலைப்பைக் கேள்வியாக மாற்றுவது. அது விரிவுரையில் நடப்பதில்லை. அறைக்குள் இருவர் இருந்து கதைக்கும்போதுதான் நடக்கிறது. அந்தக் கதை பெரும்பாலும் இப்படிப் போகும்:

“ஏன் இந்தத் தலைப்பை எடுத்தனீர்?”

“எங்கட ஊரில நிறைய அம்மாமார் இப்பிடி இருக்கினம், மிஸ்.”

“அவைக்கு இப்ப ஆகப் பெரிய கஷ்டம் என்ன?”

“கடன், மிஸ். கிழமைக் கடன். செவ்வாய்க்கிழமையில வந்து நிப்பினம்.”

“அந்தக் கிழமைத் தவணைக் காசை அவை எங்கையிருந்து எடுக்கினம்?”

இந்த இடத்தில் ஒரு மௌனம் வரும். பிறகு, “தெரியாது, மிஸ். எங்கட அம்மா எங்க இருந்து கட்டுறா எண்டே எனக்குச் சரியாத் தெரியாது” என்று பதில் வரும்.

ஆய்வு இங்கேதான் தொடங்குகிறது. தவணைக் காசு கூலி வேலையிலிருந்து வருகிறதா, தோட்டை அடகு வைத்ததிலிருந்து வருகிறதா, வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்புவதிலிருந்து வருகிறதா, அல்லது இன்னொரு நிறுவனத்திடம் எடுத்த இரண்டாவது கடனிலிருந்து வருகிறதா? கடனைக் கடனால் அடைக்கிறார்கள் என்றால், தவணை ஒழுங்காகக் கட்டப்படுவதையே வெற்றியின் அடையாளமாகக் காட்டும் எந்த அறிக்கையையும் மறுபடி வாசிக்கவேண்டிவரும். அப்படி இல்லை என்றால், இந்தப் பெண்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதில் நாங்கள் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது. எந்தப் பக்கம் விடை வந்தாலும் அதற்குப் பெறுமதி உண்டு.

ஒரு கேள்வி ஆய்வுக்குத் தகுதியானதா என்று பார்க்க மாணவர்களிடம் மூன்று விடயங்களைக் கேட்பேன். முதலாவது: இதன் விடை உமக்கு உண்மையிலேயே தெரியாதா? தெரிந்ததை நிரூபிக்கப் போகிறவர், தனக்குப் பிடிக்காத பதிலைக் காதில் வாங்கமாட்டார். இரண்டாவது: இதற்கு விடை சொல்லக்கூடிய ஆளோ, ஆவணமோ, அளவீடோ எங்கே இருக்கிறது? “சமூகம்” விடை சொல்லாது. கடன் அட்டையை வைத்திருக்கும் ஒரு பெண் சொல்வார், அடகுக் கடைத் துண்டு சொல்லும். மூன்றாவது: தனி ஒருவராக, கையிலுள்ள சில மாதங்களில், பஸ் காசுக்கு வழி உள்ள தூரத்தில் இதைச் செய்து முடிக்க முடியுமா? “வட மாகாணத்தில்” என்ற சொல்லை வெட்டிவிட்டு ஒரு கிராம அலுவலர் பிரிவின் பெயரை எழுதவைப்பது இந்த மூன்றாவது கேள்விதான். தன் ஆய்வு சிறுத்துவிட்டது என்று அப்போது மாணவர்கள் கவலைப்படுவார்கள். ஒரு பிரிவில் பதினைந்து பெண்களின் கடன் அட்டைகளை எட்டுக் கிழமை ஒழுங்காகப் பார்த்து எழுதினால், பிரதேச செயலகத்தில் யாரும் அதைத் தட்டிக்கழிப்பது கடினம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

மாணவர்களைக் குறை சொல்வது இலகு. அவர்கள் பதின்மூன்று வருடம் படித்த விதத்தையும் பார்க்கவேண்டும். புலமைப்பரிசில் பரீட்சையிலிருந்து உயர்தரம் வரை கேள்வியை வேறு யாரோ கேட்பார்கள். பிள்ளை விடையை எழுதும். ரியூசன் வகுப்பில் புள்ளித்திட்டத்தின்படி விடை எழுதப் பழகிய ஒருவரிடம், இருபத்துமூன்று வயதில் முதற்தடவையாக “கேள்வியை நீர் கேளும்” என்றால் அவர் தடுமாறத்தான் செய்வார். அப்போது அவர் துறை நூலகத்துக்குப் போய் முன்னைய வருட அண்ணாமார், அக்காமார் எழுதிய ஆய்வேடுகளை எடுத்து, “பொது நோக்கம்”, “சிறப்பு நோக்கங்கள்” என்பவற்றை ஊர்ப்பெயர் மாற்றி எழுதுவார்.

இன்னொரு காரணம் எங்கள் பிரதேசத்துக்கே உரியது. போர் முடிந்த பின்னர் இங்கே வந்த திட்டங்கள் தங்களுடன் ஒரு மொழியையும் கொண்டுவந்தன: நலிவுற்றோர், பயனாளிகள், தேவை மதிப்பீடு, வலுவூட்டல். பிள்ளைகள் அந்த மொழியைக் கேட்டு வளர்ந்தார்கள். பலர் படிப்பு முடிந்ததும் அந்த அலுவலகங்களில் வேலை கிடைக்காதா என்று எதிர்பார்க்கிறார்கள். அதனால் தங்கள் தாயைப் பற்றி எழுதும்போதும் அவரைப் “பயனாளி” என்றே எழுதுகிறார்கள். தேவை மதிப்பீட்டுக்குப் பட்டியல் போதும். ஏன், எப்படி என்று கேட்பது ஆய்வின் வேலை.

மூன்றாவது காரணம், எடுத்துப் பார்ப்பதற்கு எங்களிடம் ஆவணங்கள் குறைவு என்பது. 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ். பொது நூலகத்துடன் சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் எரிந்தன. அதே 1981இல் எடுக்கப்பட்ட சனத்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின்னர் நாடு முழுவதையும் உள்ளடக்கிய முழுமையான கணக்கெடுப்பு 2012இல்தான் நடந்தது. 2001இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு வடக்கு, கிழக்கின் பெரும்பகுதியில் முழுமையாக நடக்கவில்லை. அதாவது, எத்தனை பேர் இருந்தோம், எங்கே இருந்தோம் என்பதற்கே 31 வருட இடைவெளி. இடம்பெயர்வுகளில் வீட்டு உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் பாடசாலைப் பதிவேடுகளும் தொலைந்தன. ஆவணம் தொலைந்த சமூகத்தில் ஒரு மாணவர் ஒழுங்காகத் திரட்டி வைக்கும் சிறிய தரவும் நாளைக்கு ஆதாரமாக நிற்கக்கூடும். முன்மொழிவைக் கவனமாகச் செய்யவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு அதுவே முதற் காரணம்.

முன்மொழிவில் என்ன இருக்கவேண்டும்?

முன்மொழிவு என்பது ஓர் ஒப்பந்தம் போன்றது. இன்னதை அறியப்போகிறேன், இன்னபடி அறிவேன், இன்னாருக்குத் தீங்கு வராமல் பார்ப்பேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது. கலைச்சொற்களைக் கழற்றிவிட்டால் அதில் ஐந்து கேள்விகளே இருக்கின்றன.

என்ன கேட்கிறீர்? இது ஒரு வசனத்தில் வரவேண்டும். வீட்டில் அம்மம்மாவுக்குச் சொன்னால் அவருக்கு விளங்கவேண்டும்.

ஏற்கெனவே என்ன தெரியும்? இதை இலக்கிய மீளாய்வு என்கிறோம். நுண்கடனை எடுத்தால், 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் எடுத்த தீர்மானத்தை மாணவர் அறிந்திருக்கவேண்டும். அதே வருடம் செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த, வெளிநாட்டுக் கடன் தொடர்பான ஐ.நா. சுயாதீன நிபுணர் நுண்கடன் பற்றிக் கூறியதையும் வாசித்திருக்கவேண்டும். ஆங்கிலம் தடையாக இருக்கும்போது மாணவர்கள் இந்தப் பகுதியில் சோர்ந்துபோகிறார்கள். தமிழில் தேடுவதற்கு 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இருக்கிறது. பழைய பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் நினைவு மலர்களும் அங்கே வாசிக்கக் கிடைக்கின்றன. அரசாங்கத்திடம் இருக்கும் தகவலுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இருக்கிறது. எந்தப் பிரஜையும் தமிழில் எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்கவேண்டும். மாணவர்களை ஒரு கோரிக்கையாவது எழுதிப் பார்க்கச் சொல்வேன். பதில் வராவிட்டாலும், கேட்கும் உரிமை தங்களுக்கு இருக்கிறது என்பதை அவர்கள் கைப்பட எழுதி உணர்கிறார்கள்.

எப்படி அறிவீர்? இதுவே முறையியல். யாரிடம் கேட்பீர், எத்தனை பேர், ஏன் அவர்கள், எதைக் கேட்பீர் என்பதெல்லாம் இதில் அடங்கும். “எழுமாற்று மாதிரி” என்று எழுதிவிட்டு, கிராம அலுவலர் காட்டிய வீடுகளுக்கு மட்டும் போவது எழுமாற்று ஆகாது. அவர் காட்டாத வீடுகளில்தான் விடை இருக்கக்கூடும். கிராம அலுவலர் மூலமாகப் போனேன் என்றால் அதை அப்படியே எழுதட்டும். ஆய்வின் நம்பகத்தன்மை அந்த நேர்மையில்தான் தொடங்குகிறது.

யாருக்கு என்ன தீங்கு நேரலாம்? இதைத் தனியாகக் கீழே எழுதுகிறேன்.

எவ்வளவு காலம், எவ்வளவு பணம்? பஸ் காசு, போட்டோக் கொப்பி, மழைக்காலம், ஆடி மாதத் திருவிழா, அறுவடைக் காலம் எல்லாம் இதில் வரவேண்டும். நெல் வெட்டும் கிழமையில் நேர்காணலுக்குத் திகதி போட்ட முன்மொழிவு, எழுதியவர் அந்த ஊரை நினைத்துப் பார்க்கவில்லை என்பதைக் காட்டிவிடும்.

கதவைத் தட்டும் முன்

எங்கள் மக்கள் எத்தனை தடவை வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு மாணவர் ஒரு தாளில் எழுதிப் பார்க்கவேண்டும். 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வந்தது. 2013இல் காணாமல்போனோர் தொடர்பான பரணகம ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகளுக்கான கலந்தாலோசனைச் செயலணி மாவட்டம் மாவட்டமாகக் கருத்துக் கேட்டு, 2017 ஜனவரியில் அறிக்கை கையளித்தது. 2016இல் சட்டமாக்கப்பட்ட காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் பின்னர் தன் பங்குக்கு வந்தது. இவற்றுக்கு இடையில் நிறுவனங்கள், ஊடகங்கள், வெளிநாட்டு ஆய்வாளர்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரத்தில் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தபோது, அவர்கள் ஏற்கெனவே பலரிடம் பலதடவை அதே கதையைச் சொல்லிக் களைத்திருந்தார்கள்.

இந்தப் பட்டியலுக்குப் பின்னால்தான் எங்கள் மாணவர் போகிறார். “பிள்ளை, உனக்குச் சொன்னா என்ர மகன் வருவானோ?” என்று ஒரு தாய் கேட்டால் அதற்கு என்ன பதில் சொல்வது என்று வகுப்பிலேயே கேட்டுவைக்கிறேன். “வரமாட்டார், அம்மா. இது என்ர படிப்புக்காகச் செய்யிறது. நீங்கள் சொல்ல விரும்பாட்டி நான் போறன்” என்பதைத் தவிர நேர்மையான பதில் வேறு இல்லை. உதவி கிடைக்கும், பதிவு நடக்கும், மேலிடத்துக்குப் போகும் என்று சாடையாகவேனும் நம்பிக்கை கொடுப்பது ஏமாற்று.

ஆய்வு ஒழுக்கநெறி என்று பாடத்தில் வருவதை நான் சில எளிய விதிகளாகச் சொல்லிக்கொடுக்கிறேன். உமது கேள்விக்குத் தேவையில்லாத எதையும் கேட்கவேண்டாம். கடனைப் பற்றிய ஆய்வில் கணவன் எப்படி இறந்தார் என்ற கேள்விக்கு இடமில்லை. அவராகச் சொன்னால் கேளும், எழுதவேண்டாம். அழத் தொடங்கினால் பேனையை மூடிவைத்துவிட்டு இருங்கள். மனநல உதவி எங்கே கிடைக்கும் என்ற விபரத்தைப் பையில் வைத்திருங்கள். ஆனால், நீங்களே ஆலோசகராக மாறவேண்டாம். ஒரே கடன் குழுவிலுள்ள பெண்களை ஒன்றாக இருத்திக் கேட்கவேண்டாம். ஒருவர் தவணை கட்டாவிட்டால் மற்றவர் பொறுப்பு என்ற ஏற்பாட்டில், யாரும் யார் முன்னிலையிலும் உண்மை சொல்லமாட்டார்கள்.

பிறகு, பயம். இங்கே கேள்வி கேட்டுத் திரியும் ஒருவரைப் பற்றி வேறு யாரோ வந்து விசாரிப்பது புதிதல்ல. காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், நினைவேந்தல், முன்னாள் போராளிகள் போன்ற விடயங்களைத் தொடும்போது மாணவருக்கும் ஆபத்து, பேசியவருக்கும் ஆபத்து. அதனால் பெயருக்குப் பதிலாக இலக்கம் எழுதுவது, பெயர்ப் பட்டியலை வேறிடத்தில் வைப்பது, அல்லது பெயரையே எழுதாமல் விடுவது, முகமும் வீட்டு வாசலும் தெரியும் படங்களைத் தவிர்ப்பது, ஒலிப்பதிவை எழுத்தாக்கியதும் தொலைபேசியிலிருந்து அழிப்பது ஆகியவை முன்மொழிவிலேயே எழுதப்படவேண்டும். சில சமயங்களில் “இந்தக் கேள்வி நல்லது, ஆனால் பேசியவர்களைப் பாதுகாக்க இப்போது எம்மிடம் வழி இல்லை” என்று சொல்லி வேறு கேள்விக்குப் போகச் சொல்லவேண்டியும் வரும். அது வேதனையான முடிவு. அந்தக் கேள்வியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

பத்து நிமிடத்தில் முன்வைப்பது

முன்மொழிவை எழுதியவர் அதைக் குழுவின் முன் பேசி விளக்கவேண்டும். பெரும்பாலும் பத்து நிமிடம் பேச்சு, ஐந்து நிமிடம் கேள்வி. பல மாணவர்களுக்கு வாழ்க்கையில் முதற்தடவையாக ஒரு மேடையில் தன் சொந்தக் கருத்தைச் சொல்லும் தருணம் இது. கைகள் நடுங்கும். பவர்பொயின்ற்றில் பந்தி பந்தியாக எழுதி, எங்களுக்கு முதுகைக் காட்டி வாசிப்பார்கள். முதல் ஐந்து நிமிடமும் மாவட்டத்தின் அமைவிடம், பரப்பளவு, எல்லைகள் என்று போய்விடும்.

நான் சொல்லிக்கொடுக்கும் ஒழுங்கு இது. முதல் நிமிடத்தில் கேள்வியைச் சொல்லுங்கள். அடுத்த இரண்டு நிமிடங்களில் அதை ஏன் அறியவேண்டும், இதுவரை எது தெரியாது என்று சொல்லுங்கள். அடுத்த நான்கு நிமிடம் எப்படி அறிவீர்கள் என்பதற்கு. இரண்டு நிமிடம் யாருக்குத் தீங்கு நேரலாம், அதை எப்படித் தவிர்ப்பீர்கள் என்பதற்கு. கடைசி நிமிடத்தில், என்ன கண்டுபிடித்தால் உங்கள் எண்ணம் பிழை என்று ஒத்துக்கொள்வீர்கள் என்று சொல்லுங்கள். இந்தக் கடைசி நிமிடம்தான் ஆய்வாளரைப் பிரசாரகரிடமிருந்து பிரிக்கிறது. பேச்சைத் தாளில்லாமல், நண்பர்கள் முன் மூன்று தடவையாவது பழகவேண்டும். அந்த நண்பர்களில் ஒருவராவது வேறு துறையைச் சேர்ந்தவராக இருக்கவேண்டும்.

கேள்வி நேரத்தைத் தண்டனையாக நினைப்பது எங்கள் வகுப்பறைகளில் ஊறிய பழக்கம். பெரியவர் கேட்டால் தலைகுனிவது மரியாதை என்று பழகியிருக்கிறோம். குழுவிலுள்ள நாங்களும் சில வேளைகளில் மாணவரை மடக்குவதற்கே கேட்கிறோம். “அதை நான் இன்னும் பார்க்கவில்லை, குறித்துக்கொள்கிறேன்” என்பது மதிப்பான பதில் என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும். ஆசிரியர்கள் அதை மதிக்கவும் வேண்டும். வகுப்பில் சக மாணவர்களையே கேள்வி கேட்கவைத்துப் பார்த்தால், அவர்கள் எங்களை விடக் கூர்மையாகக் கேட்பதைக் காணலாம்.

ஒரு விடயத்தை இங்கே சொல்லியாகவேண்டும். சொந்த வீட்டு இழப்பைப் பற்றி ஆய்வு செய்ய வரும் மாணவர்களிடம், “நீர் பாதிக்கப்பட்டவர், உம்மால் நடுநிலையாக இருக்க முடியாது” என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களான ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. ஸ்ரீதரன், ராஜனி திராணகம ஆகிய நால்வரும் “முறிந்த பனை”யை எழுதியபோது, அவர்கள் எழுதிய போருக்குள்ளேயே வாழ்ந்தார்கள். ராஜனி 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். நூல் 1990இல் வெளிவந்தது. அருகில் இருந்தபடி, எந்தத் தரப்புக்கும் சலுகை கொடுக்காமல் எழுதலாம் என்பதற்கு எங்கள் மண்ணிலேயே அந்த உதாரணம் இருக்கிறது. நெருக்கம் தகுதிக் குறைவல்ல. எங்கே நிற்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிட்டு, ஆதாரத்தை மற்றவர் சரிபார்க்கக்கூடியவாறு வைத்தால் போதும். அதேநேரம், தன் காயத்தைத் தொட விரும்பாத மாணவரைப் போர் பற்றி எழுதச் சொல்லி யாரும் வற்புறுத்தக்கூடாது. வெங்காயச் செய்கையைப் பற்றியோ, பஸ் நேர அட்டவணையைப் பற்றியோ ஆய்வு செய்ய அவருக்கு முழு உரிமை உண்டு.

அளந்த கேள்வி எவ்வளவு தூரம் போகும்?

இதெல்லாம் பட்டத்துக்கான சடங்கு என்று நினைப்பவர்களுக்குச் சுன்னாகத்தை நினைவூட்டுகிறேன். யாழ். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல் பாறைகளுக்குள் தேங்கியிருக்கிறது. மேலே ஊற்றியது கீழே இறங்கும். சுன்னாகம் மின் நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்திருக்கிறது என்று மக்கள் சொன்னபோது, அது முதலில் வெறும் முறைப்பாடாகவே இருந்தது. கிணற்று நீர் மாதிரிகள் எடுக்கப்பட்டு எண்ணெயின் அளவு சோதிக்கப்பட்ட பிறகும் சர்ச்சை ஓயவில்லை. நீரில் ஆபத்தில்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். எந்தக் கிணற்றில், எப்போது, எப்படி மாதிரி எடுத்தீர்கள், எதைச் சோதித்தீர்கள் என்பதே வாதத்தின் மையமானது. அடிப்படை உரிமை மீறல் வழக்காக அது உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஏப்ரலில் தனியார் மின் உற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

அந்த வாதத்தில் கேட்கப்பட்டவையும் முன்மொழிவுக் குழுவில் நாங்கள் மாணவரிடம் கேட்பவையும் ஒரே கேள்விகள்தான். எந்த இடம், எத்தனை மாதிரி, யார் எடுத்தது, உமது முடிவை மறுப்பவருக்கு என்ன பதில்? துயரம் உண்மையானது என்பதால் மட்டும் யாரும் எங்களை நம்பிவிடப்போவதில்லை. இதைக் கடந்த பல வருடங்களில் கசப்போடு கற்றிருக்கிறோம். ஒழுங்காகக் கேட்டு, ஒழுங்காகத் திரட்டி, எதிர்க்கேள்விக்கு நிற்கும்படி சொல்லத் தெரிந்த பிள்ளைகள் எங்களுக்குத் தேவை.

திருப்பிக் கொடுக்கவேண்டியது

ஆய்வேடு கையளிக்கப்பட்டதும் அது துறை நூலகத்தின் அலுமாரிக்குள் போய்விடுகிறது. விடை சொன்ன பெண்களுக்கு அது எட்டுவதில்லை. ஆகவே என் மாணவர்களிடம் முன்மொழிவிலேயே கடைசியாக ஒன்றை எழுதவைக்கிறேன்: முடிவுகளை ஒரு பக்கத்தில், எளிய தமிழில் எழுதி அதே ஊருக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டும் திகதி. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டமோ, சனசமூக நிலைய முற்றமோ போதும். பரீட்சைக் குழுவை விட அந்த முற்றத்தில் வரும் கேள்விகள் கடினமானவை. “அது அப்பிடி இல்லைப் பிள்ளை, நீ பிழையா விளங்கிட்டாய்” என்று ஒரு அம்மா திருத்தும் இடத்தில் ஆய்வு மேம்படுகிறது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை ஒரு மாணவனோ மாணவியோ வினாக்கொத்துடன் உங்கள் படலையில் நின்றால், தண்ணீர் கொடுத்து இருத்துங்கள். பதில் சொல்லும் முன்னர் நீங்களும் கேளுங்கள். எந்தப் பல்கலைக்கழகம், யார் உன்னை அனுப்பினது? எதைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறாய்? என்ர பெயரை எழுதுவியோ? இதை வேறு ஆர் பார்ப்பினம்? நான் நடுவில நிப்பாட்டினா உனக்குப் பிரச்சினையோ? முடிஞ்ச பிறகு வந்து சொல்லுவியோ?

சரியாகப் பழக்கப்பட்ட பிள்ளை இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்லும். சொல்லத் தெரியாமல் நின்றால், “போய் உங்கட சேரிட்ட, மிஸ்ஸிட்டக் கேட்டுக்கொண்டு வா” என்று திருப்பி அனுப்புங்கள். அது அந்தப் பிள்ளைக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது.